களப்புக் கரை வரை: நம் ஊர்ப் பெண்களும் சைக்கிளும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ குருதி அமுக்கம் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவை பற்றிக் கிளினிக்கில் நாள்தோறும் பேசுகிறேன். உலகின் பல திசைகளிலும் வாழும் நம் பழைய மாணவியர் இந்த மலரைப் புரட்டும்போது மருந்துச் சீட்டு வாசிக்கும் உணர்வு வரக்கூடாது. ஆகவே வேறொரு வரலாற்றை எழுதுகிறேன். புத்தளம் கரையோரத்தில் பெண்பிள்ளைகள் வீட்டு வாசலைத் தாண்டி எதில் போனார்கள், எதற்காகப் போக விடப்பட்டார்கள் என்பதே அந்த வரலாறு. அதன் நடுவில் நிற்பது சைக்கிள். சொல்வதெழுதலில் ‘துவிச்சக்கர வண்டி’ என்று ரீச்சர் சொல்ல, நம்மில் பலர் பிழையாக எழுதிய அதே வண்டிதான்.

வழி நெடுகிலும் வரலாறு

இப்போது ஞாயிறு காலைகளில் நான் சைக்கிளில் போகும் வழி இது. தில்லையடியில் ஏறினால் ரயில் பாதையை ஒட்டி வடக்கே போய், நகருக்குள் நுழைந்து, களப்புக் கரையிலுள்ள பூங்காவில் இறங்குவேன். அவசரமில்லாமல் மிதித்தால் அரை மணி நேரமும் ஆகாது. ஆனால் அந்தச் சிறு தூரத்துக்குள் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

முதலில் ரயில் பாதை. கொழும்பிலிருந்து வந்த பாதை 1916இல் சிலாபத்தை அடைந்து, அங்கிருந்து நீண்டு 1926இல் புத்தளம் வந்து சேர்ந்தது. நமது பாடசாலையும் புத்தளத்து ரயிலும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர் என்று சொல்லலாம். அதற்கு முன் கொழும்புக்குப் போக, டச்சுக்காரர் காலத்துக் கால்வாயில் நீர்கொழும்பு வழியாகத் தோணியில் போனவர்களும் உண்டு. மாட்டு வண்டிலில் நாட்கணக்காகப் போனவர்களும் உண்டு. எங்கள் உம்மம்மா சிறுமியாக இருந்த காலத்தில் பெண்கள் பயணம் என்றால் கூடார வண்டில்தான். முன்னும் பின்னும் சீலை கட்டியிருக்கும். மதுரங்குளி வரை போய் வந்தவர், வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், “சீலையைத்தான் பார்த்தேன்” என்பார்.

பாலாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தால் உப்பளங்கள். புத்தளத்து உப்பு ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்துக்குப் போன உப்பு. மலைநாட்டு மன்னர்களுக்கு இந்தக் கரை வாசல் போன்றது. உப்பு மூட்டை சுமந்த கழுதைகளின் வாரிசுகள்தான் இன்றும் நம் வீதிகளில் நின்று போக்குவரத்துக்கு ஒழுங்கு கற்பிக்கின்றன. மணி அடித்தாலும் விலகாது. ஹோர்ன் அடித்தாலும் விலகாது. நாம்தான் வளைந்து போக வேண்டும். வெளியூர்க்காரர் கழுதையை வைத்து நம்மைக் கேலி செய்வதுண்டு. இவ்வளவு நிதானமாக வீதியில் நிற்க நமக்கெல்லாம் வாய்க்கவில்லையே என்றுதான் நான் நினைப்பேன்.

நகரின் நடுவே கொழும்பு வீதி, குருநாகல் வீதி, அநுராதபுர வீதி, மன்னார் வீதி என நான்கு திசைக்கும் வழி பிரிகிறது. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். ‘பத்தாளா’ என்று அவர் குறித்த ஊர் புத்தளம் என்பது ஆய்வாளர் கருத்து. அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, பாவா ஆதம் மலைக்குப் போக அவருக்குப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தனுப்பினான். இந்த ஊரிலிருந்து புறப்பட்ட பயணிகளில் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவர் அவர்.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குடிகளையும் தொகுத்து 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ வெளியிட்டார். நம் கரையோரம் பெற்ற பெரிய அறிஞர் அவர். இத்தகைய நூல்களில் ஆண்கள் பயணம் செய்த வழிகள் இருக்கின்றன. அதே வழிகளில் சீலைக்குப் பின்னால் இருந்து போன பெண்களின் பயணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நாமேதான் எழுத வேண்டும்.

திடல் யாருக்கு?

கொழும்பில் காலி முகத்திடலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு பழைய நடுகல் நிற்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது என்றும், கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நன்மைக்காக இதைப் பின்வரும் தேசாதிபதிகளின் கவனத்தில் விடுகிறேன் என்றும் அதில் பொறித்திருக்கிறது. அந்நாளில் ‘பெண்கள்’ என்று அவர் எண்ணியது பெரும்பாலும் குதிரை வண்டியில் மாலைக் காற்று வாங்க வந்த துரைசானிகளைத்தான். ஆனாலும் ஒரு பெண்ணுக்குக் காரணமில்லாமல் காற்று வாங்கும் உரிமை உண்டு என்று கல்லில் எழுதியிருப்பது சிறிய விடயமல்ல.

நம் ஊரிலும் ஒரு முகத்திடல் உண்டு. கொழும்பு முகத்திடல் என்று பெயர். 2018இல் கொழும்புக் குப்பையை அறுவாக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக ஊரே அங்கே கூடிச் சத்தியாக்கிரகம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தாய்மாரும் பாட்டிமாரும் அங்கே வந்து இருந்தார்கள். போராட்டம் என்றால் திடலுக்குப் போகலாம். போராட்டம் இல்லாத ஒரு சாதாரண மாலையில், சும்மா உட்கார்ந்து காற்று வாங்க அதே தாய் தனியே போனால்? இந்தக் கட்டுரை கேட்க வரும் கேள்வி அதுதான்.

வைத்தியர்கள் சொன்ன கதை

சைக்கிளின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1817இல் ஜேர்மனியில் கார்ல் வொன் டிரைஸ் செய்த மர வண்டிக்கு மிதி கிடையாது. காலால் நிலத்தை உந்திப் போக வேண்டும். 1860களில் பாரிஸில் மிதி வந்தது. பிறகு வந்த, முன் சில்லு ஆளுயரம் இருந்த வண்டியில் நீண்ட பாவாடையுடன் எந்தப் பெண்ணும் ஏற முடியாது. 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சில்லையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கி, சங்கிலியால் பின் சில்லைச் சுழற்றும் ‘றோவர்’ வண்டியைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். நாம் இன்று ஓடுவது அடிப்படையில் அந்த வண்டியைத்தான். நடுவிலுள்ள பாரைத் தாழ்த்தியதும் பெண்களுக்கான வண்டியும் பிறந்தது.

உடனே எதிர்ப்பும் பிறந்தது. எதிர்த்தவர்களில் என் தொழிலைச் சேர்ந்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். 1890களில் ‘சைக்கிள் முகம்’ என்று ஒரு நோயையே சிலர் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் ஓடும் பெண்ணின் முகம் சிவந்து, கண் பிதுங்கி, தாடை இறுகி, அப்படியே நின்றுவிடுமாம். பிள்ளைப்பேற்றுக்கு ஆகாது என்றார்கள். இதயம் தாங்காது என்றார்கள். அமெரிக்க வைத்தியச் சங்கத்தில் 1876இல் முதற் பெண்ணாக இடம்பெற்ற வைத்தியர் சாரா ஹாக்கெட் ஸ்டீவன்சன் 1897இல் இதை மறுத்து, உடலின் எந்தப் பகுதிக்கும் இதனால் கேடில்லை, பொதுவான சுகத்துக்கு நல்லது என்று எழுதினார். ஒரு பெண் வைத்தியர் எழுத்தில் கொடுத்த அந்தப் பதிலைப் படித்தபோது, நூற்றாண்டுக்கு முன்னிருந்து ஒரு மூத்த சகோதரி என் தோளில் கை வைத்தது போலிருந்தது.

அதே காலத்தில் அனி லண்டன்டெரி என்ற பெண் 1894இல் பொஸ்டனில் இருந்து சைக்கிளுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். மூன்று பிள்ளைகளின் தாய். கடலைக் கப்பலிலும் தரையைச் சைக்கிளிலும் கடந்து போனவரின் வழியில் கொழும்பும் இருந்தது. அவர் இறங்கிய நாளில் நம் ஊரில் பெண்கள் கூடார வண்டிலில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த ‘நோய்’ இன்று எந்த வைத்திய நூலிலும் இல்லை. ஆனால் அது பேசிய பயம் இன்னும் போகவில்லை. பெண்ணின் உடம்பு தானாக நகரத் தொடங்கினால் ஏதோ கெட்டுவிடும் என்ற பயம் அது. நம் ஊரில் அதற்கு வைத்தியப் பெயர் கிடையாது. “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்பதே அதன் பெயர்.

புதுக்கோட்டை கற்றுத் தந்தது

நாலு பேர் சொல்வதை எப்படி நிறுத்துவது? பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் இதற்கு விடை கண்டது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் வளர்ந்தோர் கல்வியைத் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கிராமப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரிந்தால் போதாது, போகவும் தெரிய வேண்டும் என்பது எண்ணம். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் வசதியும் செய்யப்பட்டது. பெண்களுக்கான வண்டிகள் போதாமல், பார் வைத்த ஆண் வண்டிகளிலேயே ஏறினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது பிறகு தெரிந்த வசதி.

தொடக்கத்தில் கேலியும் ஆபாசப் பேச்சும் கிடைத்தன. ஆனால் 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1500க்கு மேற்பட்ட பெண்கள் கைபிடியில் கொடி கட்டி, மணியை அடித்துக்கொண்டு நகர வீதிகளில் சேர்ந்து ஓடினார்கள். தனியாக ஒருத்தி ஓடினால் வேடிக்கை. ஆயிரத்து ஐந்நூறு பேர் ஓடினால் அது போக்குவரத்து. கேலி செய்ய வந்தவன் வீதியோரமாக ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதியதால் உலகமே புதுக்கோட்டையை அறிந்தது.

2006இல் இந்தியாவின் பிகார் மாநிலம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பின்னர் இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இடைநிலை வகுப்புகளில் சேரும் பெண்பிள்ளைகள் 32 வீதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். பாடசாலை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். கட்டடம் கட்டவில்லை, பாடத்திட்டம் மாற்றவில்லை. தூரத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு வாங்கில் ஐவர்

இனி நம் கதை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது சில மணி நேரம். மன்னாரிலிருந்து பலர் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். பெரும்பகுதியினர் நம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு வாங்கில் மூவர் இருந்த வகுப்பில் ஐவர் இருந்தோம். அந்த ஆண்டுகளில் நம்மோடு படித்தவர்களுக்கு இது மறக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என் பக்கத்தில் இருந்த தோழிக்குச் சைக்கிள் ஓடத் தெரியும், சைக்கிள் இல்லை. எங்கள் வீட்டில் வாப்பாவின் ராலி சைக்கிள் இருந்தது; எனக்கு ஓடத் தெரியாது. இரண்டு குறையும் சேர்ந்து ஒரு நிறைவாயிற்று. பாருக்குக் கீழே காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, அவள் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, எங்கள் வளவில் நான் கற்றுக்கொண்டேன். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே எப்போதோ கையை விட்டிருந்தாள்.

அவள் வந்த ஊரில் பெண்கள் சைக்கிள் ஓடுவது அன்றே சாதாரணம். யுத்தமும் பொருளாதாரத் தடையும் எரிபொருளை நிறுத்தியபோது, மாணவி, ஆசிரியை, தாதி எல்லோரும் சைக்கிளில் போனார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட காலம் அது. யாழ்ப்பாணமும் தட்டையான நிலம், புத்தளமும் தட்டையான நிலம். அங்கே ஓடியதும் இங்கே ஓடாததும் நிலத்தால் வந்த வேறுபாடல்ல, பழக்கத்தால் வந்தது. பழக்கம் மாறக்கூடியது.

ஆனால் எங்கள் இருவருக்கும் அது நீடிக்கவில்லை. பெரிய பிள்ளையானதும் சைக்கிள் நின்றது. யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. ஒரு நாள் சைக்கிள் வீட்டுக்குப் பின்புறம் போனது. இதை வாசிக்கும் பலருக்கும் இதே வயதில் இதே போல ஏதோ ஒன்று பின்புறம் போயிருக்கும்.

பெற்றோல் இல்லாத நாட்கள்

2022ஐ நாட்டில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள் தொலைபேசியில் கேட்டிருப்பீர்கள். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வைத்தியர் என்பதால் எனக்கு உரிமை இருந்தது. ஆனால் நிலையத்தில் பெற்றோல் இல்லை. சைக்கிள் கடைகளில் வண்டி முடிந்து, விலை இரட்டிப்பாகி, பழைய வண்டிகள் வீட்டுப் பின்புறங்களிலிருந்து வெளியே வந்தன. நானும் ஏறினேன். முப்பது ஆண்டு கழித்து ஏறினாலும் உடம்பு அதை மறந்திருக்கவில்லை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். “பாவம், டொக்டர் சைக்கிளில் போறா” என்று இரக்கப்பட்டார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது, எரிபொருள் வந்தது. நான் சைக்கிளை விடவில்லை. அப்போதுதான் கேள்விகள் தொடங்கின. “இப்ப பெற்றோல் இருக்குத்தானே, இன்னும் ஏன்?” வேலைக்குப் போகும்போது இப்படிக் கேட்டவர்கள், ஞாயிறு காலை களப்புக் கரைக்குப் போகத் தொடங்கியதும் இன்னும் வியந்தார்கள். “எங்கே போறீங்க?” பூங்காவுக்கு. “யாரைப் பார்க்க?” யாரையும் இல்லை. “அப்ப என்னத்துக்கு?”

நம் வரலாறு முழுவதையும் இந்த மூன்றாவது கேள்வியில் அடக்கிவிடலாம். யுத்தம் வந்தால் பெண் சைக்கிள் ஓடலாம். பஞ்சம் வந்தால் ஓடலாம். பள்ளிக்கும் வேலைக்கும் ஓடலாம். போராட்டத்துக்குத் திடலுக்குப் போகலாம். அவசியத்துக்கு வழிவிடும் ஊர், ஆசைக்குக் காரணம் கேட்கிறது. ஆணிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. அவர் சந்தியில் நிற்பதற்கும் பாலத்தில் உட்காருவதற்கும் காரணம் தேவைப்படுவதில்லை.

மலர்க்குழுவினர் எதிர்பார்த்த வைத்தியப் பகுதி இதோ. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை இயக்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். சைக்கிளில் உடற்பாரத்தை இருக்கை தாங்குவதால் முழங்கால் நோவுள்ளவர்களில் பலருக்கும் அது பொருந்தும். ஒரே உழைப்பில் நடப்பவரைப் போல மூன்று மடங்கு தூரம் போகலாம். நாற்பது வயதைக் கடந்து கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் “நடவுங்கள்” என்கிறோம். எங்கே, எப்போது, யாருடைய பார்வைக்கு நடுவே என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் மருந்துச் சீட்டில் பதில் இல்லை. அந்தப் பதிலை வைத்தியர் தர முடியாது. ஊர்தான் தர வேண்டும்.

நம் சங்கம் செய்யக்கூடியது

நூற்றாண்டுக்கு மண்டபம் கட்டலாம், வளைவு கட்டலாம். நான் கேட்பது அவற்றைவிடச் சிறியது. பாடசாலையில் கூரை போட்ட ஒரு சைக்கிள் கொட்டகை. காற்றடிக்கும் பம்பும் ஒட்டுப்போடும் பெட்டியும் அங்கே இருக்கட்டும். தூரத்திலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு வெளிநாட்டுக் கிளையும் ஆண்டுக்குச் சில சைக்கிள்களை வழங்கலாம். வெள்ளைச் சீருடையும் பர்தாவும் சங்கிலியில் சிக்காமல் இருக்கச் சங்கிலி மூடி போட்ட வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆறாம் ஆண்டிலேயே ஓடக் கற்பிக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் வண்டி பின்புறம் போகாமலிருக்கப் பெற்றோரோடு பேச வேண்டும்.

அதோடு, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பழைய மாணவியரும் இன்றைய மாணவியரும் சேர்ந்து களப்புக் கரைப் பூங்கா வரை ஒரு பயணம் போகலாம். கொடியும் கோஷமும் தேவையில்லை. போட்டியும் இல்லை, மெதுவாக ஓடுபவருக்காக எல்லோரும் மெதுவாக ஓடுவோம். தாயும் மகளும் வரலாம். தமிழ், முஸ்லிம், சிங்களம், கத்தோலிக்கம் என்று பாராமல் நாம் ஒரு வாங்கில் இருந்தது போலவே வரலாம். கச்சான் காற்று முகத்தில் அடிக்கும் மாதங்களில் போகும்போது கஷ்டமாக இருக்கும். திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும்.

இதில் பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஐம்பது பெண்கள் சேர்ந்து போனால், ஐம்பத்தோராவது பெண் என்றாவது ஒரு மாலையில் தனியே போக முடியும். அப்போது “என்னத்துக்கு?” என்று ஒருவர் கேட்டால், “சும்மாதான்” என்ற பதில் அவளுக்குப் போதுமானதாக இருக்கட்டும். நம் பாடசாலை அடுத்த நூற்றாண்டில் வளர்க்கும் பிள்ளைகளுக்கு நான் விரும்பும் பரிசு அந்த ஒரு சொல்தான்.

விடுமுறைக்கு ஊர் வரும் தோழியர் முன்கூட்டியே சொல்லுங்கள். என்னிடம் இரண்டு சைக்கிள் இருக்கிறது.